என் மகளுக்கு நிரை கொடுத்த ரெங்கம்மா

ரெங்கம்மா காலமாகிவிட்டார் என்ற செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்குத் தொலைபேசியில் வந்தது. எடுத்தவள் என் மகள் தர்சினி. "அப்பா, பொகவந்தலாவையில இருந்து" என்று சொல்லி ரிசீவரை என்னிடம் நீட்டினாள். மறுமுனையில் ரெங்கம்மாவின் மகள் புஷ்பம்.

"டாக்டரய்யா, அம்மா போயிட்டாங்க. வெள்ளன எந்திரிச்சு அடுப்பு பத்த வச்சாங்க. அப்புடியே சாஞ்சிட்டாங்க. நாளைக்கு எடுக்கிறோம். தர்சினி தங்கச்சியையும் கூட்டிக்கிட்டு வாங்க."

நான் டாக்டர் அல்ல. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பதினேழு ஆண்டுகள் மருந்துக் கட்டிடத்தை நடத்திய வைத்திய உதவியாளன். வடமராட்சியிலிருந்து உத்தியோகத்துக்காக மலை ஏறியவன். தோட்டத்து மக்கள் 'டாக்டரய்யா' என்றார்கள்; நானும் மறுக்கவில்லை. ஒரு கட்டத்தில் நானே அதை நம்பத் தொடங்கிவிட்டேன் என்பதுதான் வினை.

கருமாதியன்று ஒரு சிறு நினைவு மலர் வெளியிடப் போவதாகவும், "அம்மாவப் பத்தி நல்லதா நாலு வார்த்தை" எழுதித் தரவேண்டும் என்றும் புஷ்பம் கேட்டிருக்கிறார். எழுதுகிறேன். ஆனால் ரெங்கம்மாவைப் பற்றி நல்லதாக எழுத வேண்டுமானால் என்னைப் பற்றிக் கெட்டதாகச் சிலவற்றை எழுதியாக வேண்டும். வேறு வழி இல்லை. அவர் கடைசிவரை யாரிடமும் சொல்லாத கதை அது.

ரெங்கம்மா தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொண்டவர். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும் நேரத்தில் கைக்குழந்தைகளையும் பள்ளிக்கூட வயது வராத பிள்ளைகளையும் விட்டுப் போகும் கட்டிடம் அது. இளமையில் அவரும் கொழுந்து பறித்தவர்தான். மழை நாளொன்றில் கான் என்கிற வடிகாலில் வழுக்கி விழுந்து முழங்கால் கெட்டதால் பிள்ளைக்காம்பராவுக்கு மாற்றப்பட்டார். மூன்றாம் வகுப்புக்கு மேல் படித்ததில்லை. உயரமானவர், ஒல்லியானவர், தொண்டை பெரியது. தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் அவரோடு வாய் கொடுத்துத் தப்பியவர் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் எவரும் இல்லை. பிள்ளைகள் அவரை 'ஆயம்மா' என்று கூப்பிட்டார்கள்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து, வேலை பிரித்துக் கொடுத்தாகி, தாய்மார் கூடையும் பிள்ளையுமாக ஓடி வரும்போது வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையின் வாயையும் மோந்து பார்த்துத்தான் உள்ளே எடுப்பார். நான் தோட்டத்துக்கு வந்த புதிதில் இதை வேடிக்கையாகப் பார்த்திருக்கிறேன். காரணம் அவரே ஒருநாள் மருந்துக் கட்டிடத்துக்கு வந்து சொன்னார்.

"ஐயா, சளிக்குன்னு நீங்க குடுக்குற செவப்பு மருந்து இருக்குல்ல, அத சில பேரு புள்ள தூங்கட்டும்னு குடுத்துட்டு வர்றாங்க. புள்ளையப் பாக்காம போத்தல் குடுக்காதீங்க."

தடிமலுக்குக் கொடுக்கும் அந்தச் சிரப் தூக்கம் வரவழைக்கும் என்பது உண்மைதான். ஆனால் எனக்குக் கோபம் வந்தது. "என்ன மருந்து ஆருக்குக் குடுக்கிறதெண்டு எனக்குத் தெரியும். நீ பிள்ளைகளைப் பார்" என்று அனுப்பிவிட்டேன். அவர் போய்விட்டார். வாயை மோந்து பார்ப்பதை மட்டும் விடவில்லை.

தர்சினி பிறந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். எங்களுக்கு ஒரே பிள்ளை. நடக்கப் பழகிய நாளிலிருந்து அவள் நடந்ததே இல்லை, ஓட்டம்தான். உட்கார்ந்து ஒரு பிடி சோறு தின்னமாட்டாள். சொன்னது காதில் விழும். விழுந்த இடத்திலேயே காணாமல் போகும். மூன்று வயதில் அலமாரியின் உச்சியில் இருந்தாள். நான்கு வயதில் என் மேசையிலிருந்த தெர்மோமீட்டர்கள் அத்தனையையும் உடைத்தாள். வீட்டுக்கு உதவிக்கு வந்த இரண்டு பெண்கள் அடுத்தடுத்து நின்றுவிட்டார்கள். பஜாரில் இருந்த பாலர் வகுப்பில் சேர்த்தோம். மூன்றாம் வாரமே, "மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் குறை சொல்கிறார்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். பூசாரி நூல் கட்டினார். அவள் அதை அன்று மாலையே ஆட்டுக்குட்டிக்குக் கட்டிவிட்டாள். என் மாமியார் கடிதத்தில் வல்லாரை கொடுக்கச் சொன்னார். என் மேலதிகாரி பிரம்பைச் சொன்னார். அதையும் செய்து பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

என் மனைவி தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. "நாற்பது பிள்ளையளைப் படிப்பிக்கிறன். என்ர பிள்ளையை வைச்சுப் பார்க்கத் தெரியேல்லை" என்று அழுவாள். வேலையை விட்டுவிடலாமா என்ற பேச்சு வந்தபோதுதான், வேறு கதியில்லாமல், தர்சினியைப் பிள்ளைக்காம்பராவில் விட முடிவு செய்தோம். உத்தியோகத்தர் பிள்ளை லயத்துப் பிள்ளைகளோடு போய் இருப்பதா என்று குவாட்டர்ஸ்களில் முணுமுணுப்பு எழுந்தது. எனக்குள்ளும் அது இருந்தது. பெரிய பாதையால் போகாமல் தொழிற்சாலைக்குப் பின்புறமாக அவளைக் கூட்டிப் போனேன்.

அதைவிடப் பெரிய கவலை வேறு. மருந்துக்காரனின் பிள்ளை இப்படி ஆடுகிறதே என்று தோட்டமே பார்க்கப் போகிறது. மற்றவர் வியாதியைத் தீர்ப்பவன் தன் வீட்டுப் பிள்ளையை அடக்கத் தெரியாதவன் என்று சிரிக்கப் போகிறார்கள். அந்தச் சிரிப்பை நினைத்துத்தான் முதல் நாள் காலை, தேநீரில் கலந்து, அந்தச் சிவப்புச் சிரப்பை ஒரு கரண்டி கொடுத்தேன். மனைவிக்குச் சொல்லவில்லை. தர்சினி மந்தமாக, சமர்த்தாக இருந்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. மறுநாளும் கொடுத்தேன். இப்படிப் பதினொரு நாள்.

பதினோராம் நாள் தோட்டத்துத் துரை பிள்ளைக்காம்பராவைப் பார்வையிட வருவதாக இருந்தது. அன்று இரண்டு கரண்டி கொடுத்தேன்.

பத்து மணி இருக்கும். மருந்துக் கட்டிட வாசலில் ரெங்கம்மா. தோளில் தர்சினி, கை இரண்டும் தொங்கியபடி. வாங்குப் பலகையில் நோயாளிகள் மூன்று பேர் இருந்தார்கள். அந்தப் பெரிய தொண்டைக்காரி அன்று குரலை உயர்த்தவே இல்லை. "ஐயா, கொஞ்சம் உள்ள வாங்க" என்றார். உள்ளே போய்ப் பிள்ளையை மேசையில் கிடத்தி, கதவைச் சாத்தினார்.

"பால் குடுக்க எழுப்புனேன். எந்திரிக்கல. என்னங்க குடுத்தீங்க?"

"தடிமல். மருந்து குடுத்தனான்."

"மூக்கு காஞ்சு கெடக்குங்க. தடிமலு இல்ல. வாயில அந்த வாசம் பத்து நாளா அடிக்குது. உங்க புள்ள, நீங்க படிச்சவங்க, ஏதோ காரணம் இருக்கும்னு பொறுத்துக்கிட்டு இருந்தேன்."

"உனக்கு மருந்தைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்டேன். அந்த நேரத்திலும் அப்படித்தான் கேட்டேன்.

"மருந்தப் பத்தி தெரியாதுங்க. தூக்கத்தப் பத்தி தெரியும். இது தூக்கம் இல்ல."

நாடி பிடித்துப் பார்த்தேன். மூச்சு சீராக இருந்தது. முகத்தில் தண்ணீர் தெளித்து, கூப்பிட்டுக் கூப்பிட்டு, ஒரு மணி நேரத்துக்குப் பிறகுதான் கண் திறந்தாள். அதுவரை ரெங்கம்மா அவள் பாதங்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை ஏசவில்லை. அவள் எழுந்து "ஆயம்மா" என்றதும்தான் என்னைப் பார்த்தார்.

"புள்ள ஓடுறது உங்களுக்கு அசிங்கமா இருக்காங்க?"

நான் அலமாரியிலிருந்த சிரப் போத்தலைப் பின்னால் தள்ளி வைத்தேன்.

"ஒரு மாசம் எங்கிட்ட விடுங்க. போத்தல் இல்லாம விடுங்க. தொரைகிட்ட சொல்ல மாட்டேன், அம்மாகிட்டயும் சொல்ல மாட்டேன். அத நீங்கதான் சொல்லணும்."

அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றோடு என் உத்தியோகம் போயிருக்கும். சொல்லவில்லை. நான் மனைவியிடம் சொன்னேன். அவள் எட்டு நாள் என்னோடு பேசவில்லை. அது எனக்குக் குறைவான தண்டனைதான்.

அந்த ஒரு மாதம் ரெங்கம்மா என்ன செய்தார் என்பதைத்தான் நான் முக்கியமாக எழுத வேண்டும்.

கொழுந்து மலையில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு நிரை கொடுப்பார்கள். ஒரு வரிசைத் தேயிலைச் செடி. அதைப் பறித்து முடித்தால் அடுத்த நிரை. தர்சினிக்கும் ரெங்கம்மா நிரை கொடுத்தார். "இந்தப் பத்துக் கோப்பையையும் கழுவி அடுக்கு. இது உன் நெரை." அடுக்கி முடித்ததும் "நெரை முடிஞ்சிருச்சா? போ, பீலி வரைக்கும் ஓடிட்டு வா" என்பார். ஓடி வந்ததும் அடுத்த நிரை: தொட்டில் சேலைகளை மடிப்பது, விறகுச் சுள்ளிகளைச் சுமந்து வருவது, அரிசியில் கல் பொறுக்குவது. கல் பொறுக்கும் நிரை சின்னது. சுமக்கும் நிரை பெரியது. எதற்குப் பின் எது என்பது ஒரு நாளும் மாறாது.

"இவ்வளவு பெரிய வேலையெல்லாம் இந்தப் பிள்ளை செய்யுமோ?" என்று என் மனைவி கேட்டபோது அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"மலையக் காட்டுனா யாருங்கம்மா கொழுந்து எடுப்பா? பயந்து ஓடிருவாங்க. நெரையத்தான் காட்டணும்."

இன்னொன்றையும் கவனித்தேன். லயம் முழுக்கக் கேட்கும்படி கத்துகிற அந்த மனுசி, தர்சினியைத் தூரத்திலிருந்து கூப்பிட்டதே இல்லை. முழங்கால் வலியோடு கிட்டப் போய், தோளில் கை வைத்து, அவள் முகம் திரும்பிய பிறகு, ஒரேயொரு விஷயத்தைச் சொல்வார். செய்து முடித்தால் அந்த நிமிடமே எல்லார் முன்னாலும் புகழ்வார். காலை வேலைக்கும் மாலை வேலைக்கும் சுவரில் கரிக்கட்டியால் ஒவ்வொரு கோடு. தோட்டத்தில் முழு நாள் வேலைக்கு 'முழுப் பேர்', பாதி நாளுக்கு 'அரைப் பேர்' என்பார்கள். தர்சினிக்கும் முழுப் பேரோ அரைப் பேரோ விழும்.

முதல் வாரம் அரைப் பேராகத்தான் விழுந்தது. அரிசிச் சாக்கைக் கவிழ்த்தாள். ஒரு குழந்தையின் கையைக் கடித்தாள். அந்தத் தாய் வந்து சத்தம் போட்டபோது, ரெங்கம்மா தர்சினியை அழைத்துப் போய்க் கடிபட்ட கையைக் கழுவ வைத்தார். அதையும் ஒரு நிரையாகவே வைத்தார். நான் கோபத்தில், "காலையில் குடுத்த கோட்டை அழி" என்றேன்.

"குடுத்த பேர வெட்டக்கூடாதுங்க. காலையில வேல செஞ்சாள்ல? வெட்டுனா நாளைக்கு எதுக்கு வேலைக்கு வரணும்?" என்று கரிக்கட்டியை மடியில் செருகிக்கொண்டார்.

மந்திரம் போட்டதுபோல் எதுவும் மாறவில்லை. ஆனால் மாதக் கடைசியில் தர்சினி பத்து நிமிடம் உட்கார்ந்து, சிந்தாமல் சாப்பிட்டாள். என் மனைவி வீட்டிலும் நிரை வைக்கத் தொடங்கினாள். பல் துலக்குவது ஒன்று, குளிப்பது ஒன்று, இடையில் முற்றத்தை இரண்டு சுற்று. நானும் கற்றுக்கொண்டேன். கத்தாமல் கிட்டப் போய்த் தோளைத் தொடுவதற்கு எனக்கு ஆறு மாதம் பிடித்தது. பிள்ளையைக் கண்ணால் பாராமல் எந்தத் தாய்க்கும் சிரப் கொடுப்பதையும் அன்றோடு நிறுத்தினேன்.

பிறகு கண்டியில் ஒரு குழந்தை மனநல வைத்தியரிடம் போனோம். பஸ்ஸில் நெடுநேரம் போகவேண்டும். ரெங்கம்மா இல்லாமல் தர்சினி வரமாட்டாள் என்பதால் அவரும் வந்தார். வைத்தியர் ஒரு சிங்களப் பெண்மணி. தமிழும் ஓரளவு பேசினார். நான் எனக்குத் தெரிந்த மருத்துவச் சொற்களையெல்லாம் எடுத்துவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பிள்ளைக்கு எந்த நேரம் கஷ்டம் கூட? கடைசியா எப்ப அமைதியா இருந்தா? என்ன செய்யேக்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ரெங்கம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். மழை நாளில் கஷ்டம் அதிகம், பகல் சாப்பாட்டுக்கு முன்னும் அதிகம், ஆட்டுக்குத் தழை கொடுக்கும்போது அமைதி. வைத்தியர் எழுதிக்கொண்டே வந்தவர், நிரைக் கதையைக் கேட்டதும் பேனையை வைத்துவிட்டு, அதை முதலிலிருந்து திரும்பச் சொல்லச் சொன்னார்.

கவனமும் உடலும் அலைபாயும் ஏ.டி.எச்.டி. என்று பெயர் சொன்னார். பிள்ளை கெட்டவள் அல்ல, வளர்ப்பும் காரணம் அல்ல என்றார். இந்த வயதில் முதலில் செய்ய வேண்டியது மருந்தில்லாத இந்தப் பயிற்சிதான். பெற்றோருக்கும் பள்ளிக்கும் சேர்த்து. வளர்ந்த பின் தேவைப்பட்டால் மருந்தும் உண்டு, அப்போது பார்க்கலாம், அதற்கு அஞ்ச வேண்டாம் என்றார். பஸ்ஸில் திரும்பும்போது ரெங்கம்மாவிடம், "அந்த மருந்து வேண்டி வந்தால் நீ என்ன சொல்லுவாய்?" என்று கேட்டேன்.

"டாக்டரம்மா புள்ளையப் பாத்து குடுக்குறது வேறங்க. நம்ம ஒளிச்சு குடுக்குறது வேற" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை.

முதலாம் வகுப்பு நேர்முகம் வந்தது. பஜார்ப் பாடசாலை; உத்தியோகத்தர் பிள்ளைகள் போவது அங்கேதான். அங்கே இடம் கிடைக்காவிட்டால் மகளை வடமராட்சிக்கு, மாமியாரிடம் அனுப்ப வேண்டியிருக்கும்; அங்கே சண்டை நடந்த காலத்தில் அது பிள்ளையைக் கைவிடுவதற்குச் சமம். அன்று காலை என் கோட்டுப் பையில் அந்தச் சிரப் இருந்தது. அரைக் கரண்டிதானே, ஒரு நாள்தானே என்று மனம் சொன்னது. குவாட்டர்ஸ் கேற்றில் ரெங்கம்மா நின்றார்.

"வேனு வேணாங்க. நடந்தே போவோம். அவ பைய அவளே தூக்கட்டும்" என்றவர், என் கை கோட்டுப் பையின் மேல் இருந்ததைப் பார்த்தார். மோந்து பார்க்கத் தேவையே இருக்கவில்லை.

"ஐயா, இன்னிக்கு நீங்க அத குடுத்தா அவுங்க வேற புள்ளையத்தான் சேத்துக்குவாங்க. நாளைக்கு போறது இந்தப் புள்ள. இவளப் பாத்துட்டு வேணாம்னு சொன்னா சொல்லட்டும். வேற எடம் பாப்போம்."

போத்தலைத் திறந்து கானில் ஊற்றினேன். இரண்டு மைல் நடந்தோம். தர்சினியின் பை கனமாக இருந்தது. சுமக்கும் நிரைக்காக ரெங்கம்மா அதில் ஒரு தேங்காயை வைத்திருந்தார்.

அதிபர் படம் காட்டினார், எண்ணச் சொன்னார். தர்சினி எண்ணினாள். நாலாவது கேள்வியில் கால்கள் ஆடத் தொடங்கின. அவள் எழுந்து நின்று, மரியாதையாக, ரெங்கம்மாவின் தமிழிலேயே சொன்னாள்: "சேர், நெரை முடிஞ்சிருச்சு. ஓடிட்டு வரவா?"

அதிபர் என்னைப் பார்த்தார். நான் வாய் திறக்கும் முன் வாசலிலிருந்து ரெங்கம்மா, "மைதானத்த ஒரு சுத்து சுத்திட்டு வந்துருவாங்க, சேர்" என்றார். அதிபர் தலையாட்டினார். அவள் ஓடினாள். நாங்கள் மூவரும் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு சுற்று. பிறகு திரும்பி வந்து, மூச்சு வாங்க, அதே கதிரையில் உட்கார்ந்தாள்.

"ஓடுற பிள்ளைகள் என்னட்ட நிறைய இருக்கு" என்றார் அதிபர். "திரும்பி வாற பிள்ளையைச் சேர்க்கலாம்."

பாடசாலை வாழ்க்கை சுகமாகப் போனதென்று பொய் சொல்ல மாட்டேன். ஏச்சு வாங்கினாள், சிநேகிதிகளை இழந்தாள், கணிதத்தில் இரண்டு முறை தவறினாள். ஒவ்வொரு வகுப்பு மாறும்போதும் ரெங்கம்மா புதிய ஆசிரியையிடம் போய் நிரை பற்றிச் சொல்லிவிட்டு வருவார். சிலர் கேட்டார்கள். சிலர் துரத்தினார்கள். துரத்தியவர்களிடம் மறுநாளும் போனார். என் ஓய்வுக்குப் பிறகு நாங்கள் கொழும்புக்கு வந்தோம். என் மகள் டாக்டராக வரவில்லை. ஒரு ஹோட்டல் சமையலறையில் பயிற்சி பெறுகிறாள். நாள் முழுக்க நின்றும் ஓடியும் செய்கிற வேலை. அவளுக்குப் பிடித்திருக்கிறது.

மரண வீட்டுக்குப் போகும் வழியில், ஹற்றனிலிருந்து பஸ் வளைந்து வளைந்து ஏறும்போது, அந்தப் பதினொரு நாளைப் பற்றி முதல் தடவையாக அவளிடம் சொன்னேன். அதை அறியாமல் அவள் ரெங்கம்மாவை வழியனுப்பக்கூடாது என்று நினைத்தேன். அவள் யன்னலுக்கு வெளியே தேயிலை நிரைகளை விரலால் எண்ணிக்கொண்டே வந்தாள்.

"ஆயம்மா உங்களுக்கு ஏசினவவோ, அப்பா?"

"இல்லை."

"அப்ப நானும் ஏசேல்லை" என்றாள். பிறகு என் தோளில் கை வைத்தாள்.

லயத்து வாசலில் ஊரே கூடியிருந்தது. பிள்ளைக்காம்பராவில் வளர்ந்தவர்கள் கைப்பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். எல்லாரும் பாயில் உட்கார்ந்து அழுதார்கள். தர்சினி அழுதுகொண்டே எழுந்துவிட்டாள். வாங்குகளைத் தூக்கிப் போட்டாள், பீலியிலிருந்து தண்ணீர் சுமந்தாள், அடுப்படியில் நின்று நூறு பேருக்குத் தேநீர் ஊற்றினாள், குழந்தைகளை வாங்கித் தாய்மாரை உள்ளே அனுப்பினாள். பெட்டி மூடும் வரை ஒரு கணம் அவள் உட்காரவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"யாருங்க அந்தப் புள்ள? ஒரு எடத்துல உக்கார மாட்டேங்குதே!"

இந்தக் கேள்விக்கு எத்தனை வருடம் நான் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டிருக்கிறேன் என்பது ரெங்கம்மாவுக்குத் தெரியும்.

"என் மகள்" என்றேன். பாதையில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும்.

போய் வாருங்கள், அக்கா. உயிரோடு இருந்தபோது ஒரு தடவைகூட உங்களை அப்படிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.